முதல் சம்பளத்தில் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு



ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவின் இரண்டாண்டுப் பயிற்சியை முடித்துக்கொண்டு, ஊர்ப் பட்டறைகளிலும் கம்பெனி சர்வீஸ் நிலையங்களிலும் இவ்வாண்டு வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை வரைகிறேன். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், வீட்டிற்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவதில் சொந்தமாகச் சில கருவிகள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உங்களில் பலர் இப்பொழுதே மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அது மிக நல்ல ஆசை. மேஸ்திரியின் பெட்டியிலிருந்து இரவல் எடுத்து வேலை செய்கிறவனுக்கு நாளில் ஒரு பகுதி கருவியைத் தேடுவதிலும், இன்னொரு பகுதி அதை வைத்த இடத்தில் வைக்கவில்லை என்று ஏச்சு வாங்குவதிலும் கழிந்துபோகும் என்பதை நீங்கள் இதற்குள் அனுபவத்தில் கண்டிருப்பீர்கள்.

ஆனால் அந்த ஆசையுடன் கடைவாசலில் போய் நிற்கிறவர்களை முதலில் மயக்குவது எது என்பதை இத்தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் நான் அறிவேன். பிளாஸ்டிக் பெட்டியொன்றில், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வைத்து, வெள்ளிபோல் மின்னும் நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகளை அடுக்கி, 'எல்லா வேலைக்கும் இது ஒன்றே போதும்' என்று கடைக்காரர் திறந்து காட்டும் அந்த 'செட்' இருக்கிறதே, அது கல்யாணச் சீர்வரிசையில் வந்த பாத்திரங்களைப் போன்றது. நாலைந்து அன்றாடம் அடுப்படிக்கு வரும், மற்றவை பரணுக்குப் போகும். உங்கள் சொற்பச் சம்பளத்தைப் பரணில் வைப்பதற்காக நீங்கள் சம்பாதிக்கவில்லை. ஆகையால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஸ்தலம் கடையன்று, எஞ்சினுக்கு முன்னால் நீங்கள் நிற்கும் இடமே ஆகும், கடைக்குப் போவது, ஏற்கெனவே தேர்ந்தெடுத்ததைப் பணம் கொடுத்து வாங்கிவருவதற்கு மட்டுமே.

இதை நிரூபிக்கப் பெரிய வேலை எதையும் நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவரிடம் 'இதை நீயே மாற்றிவிடு' என்று மேஸ்திரி தைரியமாக ஒப்படைக்கும் வேலை எதுவோ அதையே எடுத்துக்கொள்கிறேன். நம் வாடிக்கைக்காரர்கள் இன்னமும் 'பேன் பெல்ட்' என்று பழைய பெயராலேயே அழைக்கும், எஞ்சினின் வெளிப்பக்கத்தில் ஓடும் டிரைவ் பெல்ட்டை மாற்றுகிற வேலைதான் அது. எஞ்சினின் உள்ளே, மூடிக்குள், பற்களோடு ஓடும் டைமிங் பெல்ட் வேறு ஜாதி. அதன் விதிமுறைகளும் அபாயங்களும் வேறு. அதை இம்மடலில் நான் தொடவில்லை.

இந்தப் பெல்ட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கருவி ஏன் மாறிற்று என்பது அதில்தான் விளங்கும். ஆங்கில எழுத்தாகிய 'வி'யைப் போல் அடி குறுகிய ரப்பர் பெல்ட்டை அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் 1917இல் உருவாக்கினார். அன்றுமுதல் பல பத்தாண்டுகள் அந்த வடிவமே கார்களில் கோலோச்சியது. நம் நாட்டுச் சாலைகளை ஆண்ட அம்பாஸிடரும், பத்மினியும், 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800உம் 'வி' பெல்ட் கார்களே. கிராங்க் புல்லியிலிருந்து சக்தியை வாங்கி ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுவது அதன் கடமை. பிறகு ஏசி கம்ப்ரஸரும் பவர் ஸ்டியரிங் பம்ப்பும் வந்து சேர்ந்தபோது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட் என்று இரண்டும் மூன்றுமாய்ப் பெருகின. இவை எல்லாவற்றையும் ஒரே நீண்ட பெல்ட்டால், பாம்பு நெளிவதுபோல் வளைத்து வளைத்துச் சுற்றி ஓட்டிவிடும் முறை 1979ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் காரில் வந்தது. இன்று நீங்கள் பட்டறையில் காணும் தட்டையான, உட்பக்கம் நீளவாக்கில் வரிவரியாய் இருக்கும் பெல்ட் அந்த வம்சத்தைச் சேர்ந்தது. அதன் முதுகில் '6பிகே1780' என்று அச்சிட்டிருந்தால், ஆறு வரிகள், 'பிகே' என்ற வரி வடிவம், 1780 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். மதுரையில் ஃபென்னர் தொழிற்சாலையில் பெல்ட் செய்வதை நம் தென்னாட்டுப் பட்டறைகள் நெடுங்காலமாக அறியும். ஆனால் எந்த நிறுவனத்தின் பெல்ட்டை வாங்கினாலும், பழையதன் முதுகெழுத்தைப் படித்து, கார் கையேட்டோடு ஒத்துப்பார்த்து வாங்குவதே முறை.

இனி விஷயத்துக்கு வருவோம். பெல்ட்டை மாற்றுவதில் ரப்பர் ஒரு பொருட்டல்ல; அதை இழுத்துப் பிடித்திருக்கும் விறைப்பே முழு வேலையும். அந்த விறைப்பை ஒரு கார் எந்த வழியில் உண்டாக்குகிறதோ, அந்த வழியே உங்கள் கருவியைத் தீர்மானிக்கிறது. இதற்கு உலகத்தில் மூன்று வழிகளே பெரும்பான்மையாக வழங்கி வருகின்றன.

முதலாவது, பழைய முறை. ஆல்டர்னேட்டர் கீழே ஓர் அச்சு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்; மேலே நீண்ட துளையுள்ள ஒரு பட்டைத்தகட்டில் இன்னொரு போல்ட் அதைப் பூட்டியிருக்கும்; பல கார்களில் இவற்றோடு, திருகத் திருக ஆல்டர்னேட்டரை வெளியே தள்ளும் ஒரு நீண்ட அட்ஜஸ்டிங் போல்ட்டும் இருக்கும். இங்கே வேண்டிய கருவிகள் மிக எளியவை: 12, 14 அளவுகளில் ஒரு ரிங் ஸ்பானர் ஜோடி, அதே அளவுகளில் பாக்ஸ் சாக்கெட்டுகள், அவற்றைத் திருப்ப ஒரு ராட்செட், ஒரு நீட்டுக் கம்பி. அவற்றைவிட முக்கியமானது வரிசைக் கிரமம். அச்சு போல்ட்டையும் பூட்டு போல்ட்டையும் முதலில் தளர்த்தாமல் அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருக முயல்கிறவன், என்னதான் விலையுயர்ந்த ஸ்பானர் கையில் வைத்திருந்தாலும், அந்தச் சின்ன போல்ட்டின் புரியை அழித்துவிட்டு, பெல்ட்டின் விலையைவிட அதிகமான செலவுக்கு வாடிக்கைக்காரரை ஆளாக்குவான். அட்ஜஸ்டிங் போல்ட் இல்லாத கார்களில் ஆல்டர்னேட்டரை நெம்பித்தான் விறைப்பேற்ற வேண்டும். அதன் உடல் அலுமினிய வார்ப்பு என்பதையும், இரும்புக் கடப்பாரையை அதன் முதுகில் கொடுத்து நெம்பினால் வெடித்துவிடும் என்பதையும் மறவாமல், புல்லிக்கு அருகிலுள்ள கனமான முன்பகுதியில், சுத்தியலின் மரக்காம்பைக் கொடுத்து நெம்பிய பழைய மேஸ்திரிகளின் விவேகத்தை நீங்களும் கைக்கொள்ளுங்கள். புல்லிகளுக்கு இடையிலுள்ள மிக நீண்ட இடைவெளியின் நடுவே கட்டைவிரலால் சுமார் பத்துக் கிலோ அழுத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உள்வாங்குவது 'வி' பெல்ட்டுக்குப் பொதுவான பிரமாணம். அந்தக் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டின் வாக்கே செல்லும். புதிய பெல்ட் சற்று ஓடியபின் தளர்ந்து கொடுக்கும். ஆகவே சில நிமிஷங்கள் ஓடவிட்டு மறுபடியும் பார்ப்பது அவசியம்.

இரண்டாவது, இன்றைய கார்களில் பெரும்பான்மையாகக் காணும் ஸ்பிரிங் டென்ஷனர் முறை. ஒரு கையின் நுனியில் வழவழப்பான உருளை; கையின் அடியில் பலமான சுருள்வில். அந்த வில் எந்நேரமும் உருளையைப் பெல்ட்டின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். இங்கே எந்த போல்ட்டையும் தளர்த்த வேண்டியதில்லை. அந்தக் கையை வில்லுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவே. கேட்பதற்கு இவ்வளவு சுலபமாக இருக்கும் இந்த வேலைதான், ஆராயாமல் கருவி வாங்கியவரை நடு வழியில் நிறுத்திவிடுகிறது.

அது எப்படியென்று அருகில் சென்று பார்ப்போம். முன்சக்கர இயக்கமுள்ள சிறிய காரில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பதால், பெல்ட் ஓடும் முகம் காரின் ஒரு பக்கத்து உடற்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே பல கார்களில் உங்கள் உள்ளங்கையைப் பக்கவாட்டில் நுழைக்கத்தான் இடமுண்டு. அந்த இடுக்கில் டென்ஷனரின் மீது 14, 15, 16, 17, 19 மில்லிமீட்டர் அளவுகளில் ஏதோ ஒன்றில் ஓர் அறுகோணத் தலையாவது, அரை அங்குலம் அல்லது 3/8 அங்குலம் அளவில் ஒரு சதுரக் குழியாவது இருக்கும். நீங்கள் பெருமையோடு வாங்கிய ராட்செட்டில் உயரமான சாக்கெட்டை மாட்டிக் கொண்டுபோனால், சாக்கெட்டின் உயரமும் ராட்செட் தலையின் தடிப்பும் சேர்ந்து, இடுக்கின் அகலத்தை மிஞ்சி நிற்கும். கருவி உள்ளேயே நுழையாது. சரி, ரிங் ஸ்பானரே கொண்டுபோவோம் என்றால், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ரிங் ஸ்பானரின் காம்பு வளையத்திலிருந்து நன்றாக மேலெழும்பி வளைந்திருக்கும். குழிவான இடத்தில் உள்ள போல்ட்டுக்கு அந்த வளைவு வரப்பிரசாதம், ஆனால் இந்த இடுக்கில் அதே வளைவு காம்பைக் கொண்டுபோய் உடற்சுவரில் முட்டவைக்கும். இங்கே வேண்டியது, காம்பும் வளையமும் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருக்கும், நீளமான, தட்டையான ரிங் ஸ்பானர். அல்லது இதற்கென்றே செய்து விற்கும், தட்டையான நீண்ட இரும்புப் பட்டையும் குட்டைச் சாக்கெட்டுகளும் கூடிய டென்ஷனர் பட்டை. சதுரக் குழியுள்ள கார்களில் அரை அங்குலச் சதுரமுள்ள நீண்ட 'பிரேக்கர் பார்', இடம் அனுமதித்தால், அருமையாக வேலை செய்யும்.

நீளத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு டென்ஷனரைச் சாய்க்க 50 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் அதற்குச் சுமார் 25 கிலோ எடைக்குச் சமமான பலத்தைக் கொடுக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் பட்டையின் நுனியில் சுமார் 10 கிலோ போதும். அதுவும் ஒரு கணம் இழுத்துவிட்டு விட்டுவிடுவதல்ல. ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடியே மற்றொரு கையால் பெல்ட்டை நழுவவிட வேண்டும். 25 கிலோவை ஒற்றைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நுணுக்கமான வேலை செய்ய நம்மில் யாருக்கும் இயலாது. 10 கிலோவானால் எவருக்கும் இயலும். 'இது ஆம்பளை வேலை, உனக்குக் கைபலம் போதாது' என்று தங்கைமார்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இன்னமும் பட்டறைகளில் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

நீளம் வேண்டும் என்றதும் சிலர் குட்டை ஸ்பானரின் வாயில் இன்னொரு ஸ்பானரின் வளையத்தைக் கோத்து நீட்டிக்கொள்வதையும், ராட்செட்டின் காம்பில் பைப்பைச் சொருகிக்கொள்வதையும் காண்கிறோம். முன்னது, வில்லின் வேகத்தில் நழுவிவிட்டால் முழங்கை விரலெலும்பு இரண்டையும் பதம்பார்க்கும். பின்னது, ராட்செட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய பற்களையும் நாவையும் அவை தாங்குவதற்கு மேல் வருத்தி, ஒருநாள் வேலை நடுவே கைவிட்டுவிடும். வில்லோடு மல்லாடும் இடத்தில் அசையும் உறுப்பு ஏதும் இல்லாத, ஒரே கட்டையான கருவியே நம்பத்தக்கது. எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துத் தெளிந்துகொள்ளுங்கள். சில டென்ஷனர்களில் நாம் பிடிக்கும் அறுகோணத் தலை, உருளையைப் பூட்டியிருக்கும் நடு போல்ட்டின் தலையேயாகும். தப்பான திசையில் இழுத்தால் கை சாயாது, உருளை கழன்று வரும்.

பல டென்ஷனர்களில், கையைச் சாய்த்தபின் இரண்டு துளைகள் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அத்துளையில் ஓர் ஊசியைச் சொருகிவிட்டால் டென்ஷனர் அப்படியே நிற்கும், இரண்டு கைகளும் சுதந்திரமாகிவிடும். துளைக்குச் சரியாக இருக்கும் ஆலன் கீயோ, டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பாகமோ இதற்கு உத்தமம். ஆணியைச் சொருகாதீர்கள், மெத்தென்ற இரும்பாகிய ஆணி வளைந்து, வில் விடுபட்டு, உருளை உங்கள் விரலின் மேல் வந்து விழும்.

மூன்றாவது முறை, சில கார்களில் ஏசி கம்ப்ரஸருக்கோ வாட்டர் பம்ப்புக்கோ மட்டும் தனியாக ஓடும், தானே சற்று நீண்டு கொடுத்துப் பிடித்துக்கொள்ளும் பெல்ட். இதில் தளர்த்த போல்ட்டும் இல்லை, சாய்க்க டென்ஷனரும் இல்லை. பழையதைக் கத்தியால் அறுத்தெடுப்பதே முறை; கழற்றிய பெல்ட்டைத் திரும்ப மாட்டக்கூடாது. புதியதை ஏற்றுவதற்கு, புல்லியின் விளிம்பில் பொருந்தி, எஞ்சினைக் கையால் சுற்றச் சுற்றப் பெல்ட்டை வழிநடத்தி உள்ளே ஏற்றும் சிறு கருவி ஒன்று உண்டு. அது கையில் இல்லாதவர்கள் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பி ஏற்றுகிறார்கள். பெல்ட்டின் வயிற்றில் நீளவாக்கில் ஓடும் நூற்கயிறுகளே அதன் உயிர்நாடி. ஸ்க்ரூ டிரைவரின் முனை அவற்றில் ஒன்றிரண்டை அறுத்துவிட்டாலும் வெளியே எதுவும் தெரியாது, கார் வீட்டுக்கும் போய்விடும், சில மாதங்களில் நெடுஞ்சாலையில் பெல்ட் அறும். அப்போது பழி பெல்ட் செய்தவன் மேல் விழும். ஆகவே இந்த ஜாதிப் பெல்ட்டுள்ள கார் வந்தால், உரிய கருவியை வாங்கும்வரை வேலையை ஏற்காமல் இருப்பதே நேர்மை.

இனி அளவுகளைப் பற்றி. 'நூறு உருப்படி' பெட்டியில் 4 முதல் 32 வரை எல்லா அளவும் இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட தேசத்தில் பிறந்த வடிவமைப்பு, குறிப்பிட்ட சில அளவுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். 8 மில்லிமீட்டர் புரியுள்ள போல்ட்டின் தலை ஜப்பானிய வழிக் கார்களில் பெரும்பாலும் 12. ஐரோப்பிய வழிக் கார்களில் 13. 10 மில்லிமீட்டர் புரிக்கு முன்னவற்றில் 14. பின்னவற்றில் 16 அல்லது 17. ஆகையால் உங்கள் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் மாருதியும் டொயோட்டாவுமானால் 10, 12, 14, 17, 19 என்ற ஐந்தும் உங்கள் சோற்றுக்கு வழி. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ரெனோ வருமிடமானால் 13, 16, 18 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய அம்பாஸிடர் ஒன்று உங்கள் கையில் சிக்கினால் அங்குல அளவுகளைக் காண்பீர்கள். அரை அங்குலத் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் நுழைந்துவிடும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் தொளதொளப்போடு நுழையும். அந்தச் சிறு தொளதொளப்புதான் இறுகிய போல்ட்டின் தலையை மழுக்குகிறது. முக்கால் அங்குலமும் 19 மில்லிமீட்டரும் மட்டும் நூலிழை வித்தியாசமே உள்ளவை, அங்கே பயமில்லை.

வாயின் வடிவமும் கவனிக்கத்தக்கது. திறந்த வாயுள்ள ஸ்பானர் அறுகோணத்தின் இரண்டு பக்கங்களை மட்டும் பற்றுகிறது. தளர்ந்த போல்ட்டைச் சுற்றியெடுக்க அது போதும், இறுகியதை அசைக்க அதை நம்பக்கூடாது. பன்னிரு முனை வளையம் 30 பாகைக்கு ஒருமுறை பொருந்துவதால், கையை அசைக்க இடமில்லாத இடுக்கில் உதவும். ஆறு முனைச் சாக்கெட் 60 பாகைக்கு ஒருமுறைதான் பொருந்தும். ஆனால் மூலைகளைத் தீண்டாமல் பக்கங்களை அழுத்துவதால், துருவேறிய தலையைக்கூட மழுக்காமல் திருப்பும். எனவே, ரிங் ஸ்பானர் பன்னிரு முனையிலும், சாக்கெட் ஆறு முனையிலும் வாங்குங்கள் என்பது என் சிபாரிசு. வாயைத் திருகித் திருகி அளவு மாற்றும் ஸ்க்ரூ ஸ்பானரைப் பெல்ட் வேலைக்குக் கொண்டுவரவே வேண்டாம். அதன் தலை தடிப்பானது, பிடி தளர்வானது, இந்த இடுக்குக்கு இரண்டும் ஆகாது.

இவ்வளவும் எஞ்சினுக்கு முன்னால் நின்று தீர்மானித்தபிறகு, சென்னையில் ஜி.பி. ரோட்டுக்கோ, உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கோ புறப்படுங்கள். போகும்போது தலை மழுங்காத 12, 14, 17 போல்ட்டுகளை ஒரு தாளில் பொதிந்து சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஸ்பானரை நீட்டியதும், அதன் பளபளப்பைப் பாராமல், உங்கள் போல்ட்டை அதன் வாயில் வைத்து ஆட்டிப் பாருங்கள். தடையில்லாமல் நுழைய வேண்டும், நுழைந்தபின் ஆடக்கூடாது. வளையத்தின் உட்சுவரில் முலாம் கட்டி கட்டியாய் நிற்கிறதா, காம்பில் 'குரோம் வனேடியம்' என்ற எழுத்து உருக்கிலேயே அழுந்தப் பதிந்திருக்கிறதா, அல்லது மேலே ஒட்டிய தாளில் மட்டும் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வளையத்தின் சுவர் தடித்திருப்பது பலத்தின் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல உருக்கு மெல்லிய சுவரிலேயே பாரத்தைத் தாங்கும், அந்த மெல்லிய சுவர்தான் இடுக்கில் நுழையும். மட்டமான உருக்கைத் தடிப்பாக்கித்தான் விற்க முடியும்.

கருவி என்றதும் இரும்பை மட்டும் நினைப்பது வழக்கம். பெல்ட் வேலையின் முதல் கருவி, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றும் 10 மில்லிமீட்டர் ஸ்பானர்தான். சூடான எஞ்சினில், சாவியை எடுத்தபிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் கார்கள் பல உண்டு; அந்நேரம் உங்கள் கை எங்கே இருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள். இரண்டாவது கருவி ஒரு பென்சில். பானட்டின் உட்புறத்தில் பெல்ட் ஓடும் வழியைக் காட்டும் படம் ஒட்டியிருந்தால் நல்லது. இல்லையெனில் கழற்றுவதற்கு முன்பே அதை வரைந்துகொள்ளுங்கள், அல்லது செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி அந்தப் பக்கமாக வேலை செய்ய நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்; ஸ்டாண்டு வைத்தபிறகே குனியுங்கள். ஒரு நல்ல டார்ச்சும், காம்பு நீண்ட சிறு கண்ணாடியும், புல்லிகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு நேரான எஃகு அளவுகோலும் இருந்தால், நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

கத்துகிற பெல்ட்டோடு வரும் வாடிக்கைக்காரரிடம் உடனே 'பெல்ட் போய்விட்டது' என்று சொல்லிவிடவும் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது, கையும் துணியும் அருகில் போகாமல், வரிகளின் மேல் சிறிது தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் சற்று அடங்கிப் பிறகு திரும்பினால் புல்லி வரிசை தப்பியிருக்கிறது என்றும், சத்தம் உரத்தால் விறைப்புக் குறைவு என்றும் ஊகிக்கலாம். முற்காலத்து ரப்பர் தேயும்போது வெடித்துக் காட்டியது, இப்போதைய ஈ.பி.டி.எம். ரப்பர் வெடிக்காமலே உள்ளுக்குள் தேய்கிறது. ஆதலால் கண்ணை மட்டும் நம்பாமல், வரிப் பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்கும் சிறு பிளாஸ்டிக் அளவி ஒன்றைப் பெட்டியில் வைத்திருங்கள். பெல்ட் கம்பெனிகள் தரும் அந்த அளவி விலையில் அற்பம், பயனில் பெரியது.

புதிய பெல்ட்டை மாட்டியதும் சாவியைத் திருப்ப அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு புல்லியிலும் எல்லா வரிகளும் உரிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா, ஒரு வரி விளிம்புக்கு வெளியே தொங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு சுற்றுக் கையால் சுற்றி, மறுபடியும் தடவிப் பாருங்கள். தளர்த்திய போல்ட்டுகளை முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். அதைக் கொண்டு தளர்த்தக்கூடாது, வேலை முடிந்ததும் அதன் அளவை அடிமட்டத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்ற இரண்டையும் மறவாதீர்கள். இல்லையேல் உள்ளிருக்கும் வில் சோர்ந்து, அது பொய் சொல்லத் தொடங்கும்.

'அந்தக் காலத்து மேஸ்திரிகள் இரண்டு ஸ்பானரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு எத்தனை பெல்ட் மாற்றினார்கள்! இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?' என்று உங்களில் யாரேனும் கேட்கக்கூடும். மெய்தான், மாற்றினார்கள். ஆனால் அவர்களுடைய கார்களில் பானட்டைத் திறந்தால் தரை தெரிந்தது. பெல்ட்டின் முன்னால் ஓர் ஆள் நிற்குமளவு இடமிருந்தது. போல்ட்டுகள் மூன்றுதான் இருந்தன. அந்தக் காருக்கு அந்த இரண்டு ஸ்பானரே சரியான தேர்வு. எஞ்சினைப் பார்த்துக் கருவியைத் தீர்மானித்ததில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது. அவர்களைப் பின்பற்றுவதென்றால் அந்தப் பழக்கத்தைப் பின்பற்ற வேண்டுமேயொழிய, அந்த இரண்டு ஸ்பானர்களையல்ல.

ஆகவே முதல் மாதத்தில் உங்கள் பட்டறைக்கு வரும் கார்களின் ஜாதிக்கேற்ற ஐந்து அளவுகளில் ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும் ஒரு ராட்செட்டும் வாங்குங்கள். இரண்டாம் மாதத்தில் தட்டையான நீண்ட டென்ஷனர் பட்டையும், ஒரு கட்டு ஆலன் கீயும் வாங்குங்கள். பணம் சேர்ந்தபின் சிறிய அளவுகளைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். மற்றவற்றை, அந்தந்த வேலை வந்து கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் இன்று முறுக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் சில வருஷங்கள் கழித்து வேறொரு பட்டறையில், நீங்கள் முகமறியாத மற்றொரு மெக்கானிக் தளர்த்தப் போகிறார். அதன் தலையை மழுங்காமல் அவரிடம் ஒப்படைப்பது உங்கள் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தைக் காப்பதற்கு ஏற்ற கருவி எது என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். நாளைக் காலையில் பட்டறைக்குப் போனதும், முதலில் வரும் காரின் பானட்டைத் திறந்து, பெல்ட் ஓடும் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, பிறகு பட்டியல் எழுதத் தொடங்குங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்,
தொழிலில் மூத்த ஒருவன்